'காணோம்' வேறு, 'இல்லை' வேறு: தண்ணீர்ச் சோதனை அறிக்கைகளின் மொழி குறித்து

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அடுக்ககம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். காவிரிக் குழாய்நீர் போதாத நாள்களில் அதன் தொட்டியை ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியும் நிரப்புகின்றன. 2024 கோடையின் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நீரைக் குடிக்க அஞ்சும் குடியிருப்போர் சங்கம் ஒரு புட்டி நீரை ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. சில நாள்களில் அறிக்கை வருகிறது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய நான்குக்கும் நேரே ஒரே குறிப்பு: பி.டி.எல். 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்பது அதன் விரிவு. அன்று மாலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் ஒரு செய்தி வருகிறது: "நம் தண்ணீரில் இம்மியளவும் ஈயம் இல்லை." கன்னடத்தில் எழுதுபவர் 'இல்ல' என்கிறார். ஆங்கிலத்தில் எழுதுபவர் பூச்சியம் என்கிறார்.

ஆய்வகம் சொன்னது ஒன்று, குழு படித்தது மற்றொன்று. இடையில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வினைச்சொல் மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைச் சிறிய மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. சுற்றுச்சூழல் மாசு பற்றிய பொது அறிவில் உள்ள முதன்மையான ஓட்டை அங்குதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அதை அடைக்கும் பொறுப்பு கருவி வைத்திருப்போருக்கு எவ்வளவு உண்டோ, அறிக்கை எழுதுவோருக்கும் அவ்வளவு உண்டு.

முதலில் மொழியைப் பார்க்கலாம். ஆங்கிலம் ஒரே எதிர்மறைச் சொல்லால் செய்யும் வேலையைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றின் இருப்பை மறுப்பது 'இல்லை'. ஒன்று மற்றொன்றாதலை மறுப்பது 'அல்ல'. கன்னடமும் 'இல்ல', 'அல்ல' என்று இதே பிரிவினையைப் பேணுகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால், அன்றாடத் தமிழில் மூன்றாவது ஒன்றும் உண்டு: 'காணோம்'. இன்று அது உறைந்துபோன ஒரு சொல். ஆனால் அதன் இலக்கணத்தைப் பிரித்துப் பார்த்தால், காண் என்னும் வினையின் தன்மைப் பன்மை எதிர்மறை வடிவம் அது. 'யாம் காண்கிலோம்' என்பதே அதன் பொருள். "சாவியைக் காணோம்" என்பவர், சாவி உலகிலிருந்து மறைந்துவிட்டது என்று கூறவில்லை. தேடியவர் கண்ணுக்குப் படவில்லை என்றே கூறுகிறார். 'இல்லை' என்னும் சொல்லில் பார்ப்பவர் எவரும் இல்லை. 'காணோம்' என்னும் சொல்லிலோ பார்ப்பவர் விகுதியாகவே அமர்ந்திருக்கிறார்.

சுவரொட்டிகளில் 'காணவில்லை' என்று அச்சிடுவோர் அதன்கீழ் எந்த நாளில், எந்த ஊரில், எந்த உடையில் கடைசியாகக் கண்டனர் என்பதையும் அச்சிடுவார்கள். அந்த விவரங்கள் இல்லாத 'காணவில்லை' எவருக்கும் பயன்படாது. ஆய்வக அறிக்கையின் பி.டி.எல். என்பதற்குச் சரியான தமிழ் 'காணோம்' என்பதே. அதற்கும் அதே விதி பொருந்தும். எந்தக் கருவியால், எவ்வளவு நுட்பமாகத் தேடிய பிறகு காணோம்?

கருவி எப்படிக் 'காண்கிறது' என்பதை அறிந்தால் இக்கேள்வியின் கனம் விளங்கும். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழும் அல்லது உட்கவரும். 1860-இல் ஹைடல்பெர்க்கில் புன்சனும் கிர்க்கோஃபும் இதை வேதியியல் பகுப்பாய்வின் அடிப்படையாக நிறுவினார்கள். ஒரு மில்லிகிராமின் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியம் அறைக் காற்றில் கலந்திருந்தாலும் சுடரில் அதன் மஞ்சள் கோடு தெரிவதை அவர்கள் காட்டினர். அதே ஆண்டில் டுர்க்ஹைம் ஊற்றுநீரின் நிறமாலையில் அதுவரை எவரும் அறியாத நீலக் கோடுகளைக் கண்டு சீசியம் என்னும் தனிமத்தை அறிவித்தார்கள். நாற்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் காய்ச்சி வற்றவைத்த பிறகே அதன் உப்பைக் கையில் எடுக்க முடிந்தது. நிறமாலையியல் பிறந்ததே ஒரு தண்ணீர்ச் சோதனையில்தான் என்றுகூடச் சொல்லலாம். அதுவரை வேதியியலர்கள் அந்நீரில் சீசியத்தைத் தேடிக் காணாமல் போகவில்லை. தேடுவதற்கான கண்ணே அவர்களிடம் இருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-இல் முன்வைத்த அணு உட்கவர் நிறமாலையியல், உலோக மாசுகளை அளவிடுவதை உலகெங்கும் அன்றாட ஆய்வக வேலையாக்கியது. நீரைச் சுடரில் தூவி, ஈயத்துக்கே உரிய ஒளியை அதனூடே செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது அதன் எளிய வடிவம். சுடருக்குப் பதிலாகக் கிராஃபைட் உலையைப் பயன்படுத்துவது அடுத்த படி. நீரைப் பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்தி, பிறக்கும் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி. நிறை நிறமாலைமானி அதற்கும் அடுத்த படி. மூன்றும் ஒரே ஈயத்தைத் தேடுகின்றன. ஆனால் மூன்றின் பார்வைக் கூர்மையும் ஒன்றல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரம் (2012), ஈயத்துக்கு வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். எடைக் கணக்கில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சாதாரணச் சுடர் முறையில் ஈயத்தைக் கண்டறியும் எல்லை ஏறத்தாழ அந்த 10 மைக்ரோகிராம் அளவிலோ அதற்கு மேலோதான் நிற்கும். கிராஃபைட் உலை ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கும். நிறை நிறமாலைமானி நானோகிராம் கணக்குக்கு இறங்கும். ஆகவே, முன்செறிவு எதுவும் செய்யாமல் சுடர் முறையில் சோதித்து 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதினால், அந்த நீர் சட்ட வரம்பைத் தாண்டியதாகக்கூட இருக்கலாம். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. குழுவில் செய்தி போட்டவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் ஈயம் இருக்கிறது.

'இம்மியளவும் இல்லை' என்ற தொடரை இவ்விடத்தில் எடைபோட்டுப் பார்ப்பது தகும். இம்மி என்பது தமிழின் பழைய கீழ்வாய் இலக்கத்தில் ஒரு பின்னம். அதை 21,50,400-இல் ஒரு பங்காகக் கொள்ளும் வாய்பாட்டின்படி பார்த்தால், இம்மியளவு ஈயம் கலந்த நீரில் சட்ட வரம்பைப் போல் ஏறத்தாழ நாற்பத்தாறு மடங்கு ஈயம் இருக்கும். முன்னோர் கற்பனையில் மிகச் சிறியதாக இருந்த ஓர் அளவு இன்றைய நச்சியலில் மிகப் பெரிய அளவு. மொழியின் உள்ளுணர்வு இக்களத்தில் எவருக்கும் வழிகாட்டாது, எண்தான் வழிகாட்டும்.

'எல்லை' என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. அது வேலி போட்ட எல்லை அல்ல. எந்த மாசும் சேராத வெற்று மாதிரியைக் கருவியில் பலமுறை வைத்தாலும் ஒவ்வொரு முறையும் சற்றே மாறுபட்ட குறிகை கிடைக்கும். அந்த இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கு மேலெழும் குறிகையையே 'கண்டது' என்று ஏற்பது பரவலான வழக்கம். அந்தக் கோட்டையே தீர்ப்புக் கோடாகவும் வைத்துக்கொண்டால், மாசின் உண்மை அளவு சரியாக அக்கோட்டில் இருக்கும்போது, ஏறக்குறையப் பாதி தடவை அறிக்கை 'காணோம்' என்றே வரும். லாய்ட் கரீ 1968-இல் இச்சிக்கலைப் பிரித்து எழுதினார். 'இருக்கிறது' என்று முடிவெடுக்கும் அளவு ஒன்று, தவறாமல் கண்டறியக்கூடிய அளவு ஒன்று, நம்பத்தக்க எண்ணாகச் சொல்லக்கூடிய அளவு இன்னொன்று என மூன்றும் வேறுவேறு என்றார். பகுப்பாய்வு வேதியியல் மாணவர் அனைவரும் இதைப் படிக்கிறார்கள். அறிக்கை ஆய்வகத்தை விட்டு வெளியேறியவுடன் இந்த மூன்றும் ஒரே 'இல்லை'யாகக் கரைந்துவிடுகின்றன.

இதன் விளைவைத் தமிழ்நாடு ஒருமுறை மிக நெருக்கத்தில் கண்டிருக்கிறது. கொடைக்கானலில் இயங்கிய இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கிடங்கில் கிடப்பது அம்பலமானதைத் தொடர்ந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிவியலர்கள் கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏரி நீரில் மொத்தப் பாதரசம் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை இருந்தது. அதில் 50 நானோகிராம், உயிரினங்களின் உடலில் எளிதில் சேரும் மெத்தில் பாதரச வடிவில் இருந்தது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் மொத்தப் பாதரசம் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. ஆலையின் உமிழ்வே ஏரியை மாசுபடுத்தியது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இந்த எண்களைக் குடிநீர்த் தரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம். கொடைக்கானல் ஏரியில் காணப்பட்டது அதில் பாதிக்கும் குறைவு. வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்கும் ஒரு கருவி, 1000 நானோகிராமைத் தன் எல்லையாகக் கொண்டிருந்தால், மூன்று ஏரிகளுக்கும் ஒரே விடையைத் தந்திருக்கும்: காணோம், காணோம், காணோம். பேரிஜத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையிலான வேறுபாடு அங்கே அழிந்துபோயிருக்கும். அந்த வேறுபாடுதான் சான்று. அது இல்லாவிட்டால் ஆலைக்கும் ஏரிக்கும் தொடர்பே இல்லை என்று ஆகியிருக்கும். நுண்ணிய நிறமாலையியல் இங்கே செய்த வேலை ஏரி நீர் குடிக்கத் தகாதது என்று அறிவித்தது அன்று. பாதரசம் எங்கிருந்து வந்தது என்று காட்டியதுதான் அதன் பணி. மீனுக்குள் படிப்படியாகச் செறியும் ஒரு நச்சுக்கு, நீரில் அதன் அளவு வரம்புக்குள் இருக்கிறது என்பது ஆறுதலாகாது.

முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில்; ஆலை மூடி பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஆலை நிலத்தைத் தூய்மைப்படுத்துவதற்கான இலக்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசமா, அதைவிடக் கடுமையான ஓர் எண்ணா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. எண் கிடைத்த பிறகே எண்ணைப் பற்றி வாதாட முடிந்தது. 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தால் வாதாட எதுவும் இருந்திருக்காது. அதே மலையில்தான் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் மிகச் சிறிதளவு இடம்பெயர்வதைக் கண்டு, அப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அறிவித்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம். பல கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனுக்குக் காட்டிய நுணுக்கத்தை, காலடியிலுள்ள ஏரிக்குக் காட்டுவதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

கருவி கூர்மையானால் மட்டும் போதும் என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்கரான கிளேர் பேட்டர்சன் 1956-இல் ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார். அவ்வேலையில் அவரை வாட்டியது கருவியின் மந்தம் அன்று. எங்கும் ஈயம் இருந்ததுதான். காற்றில், பாத்திரத்தில், வேதிப்பொருளில், ஆய்வாளரின் தலைமுடியில் ஈயம் இருந்தது. வெற்று மாதிரியே வெற்றாக இல்லை. மிகத் தூய ஆய்வறையை உருவாக்கிய பிறகே அவரால் உண்மையான அளவைக் காண முடிந்தது. அங்கிருந்துதான், மனித உடலிலுள்ள ஈயம் இயற்கையானது என்று ராபர்ட் கீஹோ போன்றோர் கூறிவந்ததை மறுத்து, அது பெட்ரோல் உள்ளிட்ட தொழில்களால் பன்மடங்கு பெருகியது என்று 1965-இல் பேட்டர்சன் எழுத முடிந்தது. அவருக்கு முந்தைய ஆய்வகங்கள் ஈயத்தைக் காணாமல் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவாகக் கண்டதால், அதுவே இயல்பு என்று கொண்டன. காணாததை 'இல்லை' என்பது ஒரு பிழை என்றால், எங்கும் காண்பதை 'இயல்பு' என்பது அதன் இரட்டைப் பிழை.

இதற்கு இணையாக நகர்ந்த இன்னோர் எண்ணும் உண்டு. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் வைத்த அளவு, 1960-களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். 1991-இல் அது 10 ஆனது. 2012-இல் 5 ஆனது. 2021-இல் 3.5 ஆனது. ஈயம் மாறவில்லை, குழந்தைகளின் மூளை மாறவில்லை. அளவிடும் திறனும் ஆய்வும் கூர்மையாகியிருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஏப்ரலில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்னும் இரு ஃபுளூரின் சேர்மங்களுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு வைத்தது. நலவாழ்வு நோக்கில் அது வைத்த இலக்கு பூச்சியம். ஆய்வகங்கள் நம்பத்தக்க வகையில் அளவிடக்கூடிய மிகக் குறைந்த அளவு 4 என்பதால் வரம்பு அங்கே நின்றது. கருவியின் எல்லையே சட்டத்தின் எல்லையாகும்போது, அந்த எல்லையை அச்சிடாத அறிக்கை சட்டத்தின் பாதியை மறைத்துவிடுகிறது.

பெங்களூருக்குத் திரும்பினால் இவை எவையும் தொலைதூரக் கதைகளாகத் தோன்றா. 1990-களின் இறுதியில் இந்நகரத்தின் ஜார்ஜ் அறக்கட்டளை முன்னெடுத்த ஆய்வு, இந்தியப் பெருநகரங்களில் சோதிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் ஈயம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதைக் காட்டியது. புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் வெங்கடேஷ் துப்பில் அப்பணியைப் பல்லாண்டு தொடர்ந்தார். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் கைவிடப்பட்டது. வீட்டுப் பயன்பாட்டு, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்கள் அந்த விதியின் தலைப்பிலேயே இல்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அருகிலுள்ள பாட்டரி டவுனில் குயவர் குடும்பங்கள் அகலும் பானையும் பிள்ளையார் சிலையும் செய்கின்றன. இன்னொரு பக்கம் சற்றுத் தொலைவில் அல்சூர் ஏரி. 2016 மார்ச்சில் அந்த ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. சிலை கரைப்பு பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய நெறிமுறைகள் நச்சு உலோகம் கலந்த வண்ணங்களைத் தவிர்க்கச் சொல்கின்றன. களிமண்ணும் இயற்கை வண்ணமும் கொண்டு சிலை செய்யும் குயவர், "இந்த வண்ணத்தில் ஈயம் இல்லை" என்று வாங்குபவரிடம் சொல்கிறார். அவரிடம் அந்தச் சொல்லுக்குச் சான்றாக இருப்பது வண்ண டப்பாவின் மேல் ஒட்டிய தாள் மட்டுமே. கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வு நிறமாலைமானி சில நிமிடங்களில் தோராய விடை சொல்லிவிடும். அது மழைக்காலத்துக்கு முன் ஒரு நாளாவது அந்தத் தெருவுக்கு வர வேண்டும். உண்மையாக ஈயமில்லா வண்ணம் பூசுபவரையும் மலிவான வண்ணம் பூசுபவரையும் ஒரே விலையில் நிறுத்துவது அளவீடு இன்மைதான். அதன் நட்டம் நேர்மையானவர் தலையில் விழுகிறது.

தமிழ்ச் சமையலறைக்கும் இதே சிக்கல் உண்டு. தமிழில் 'ஈயம்' இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயர். வெள்ளீயம் ஒன்று, காரீயம் இன்னொன்று. இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். தண்ணீர் அறிக்கையிலுள்ள ஈயம் காரீயம். முன்னதில் பின்னது கலந்திருந்தால் சொல்லும் காட்டிக்கொடுக்காது, கண்ணும் காட்டிக்கொடுக்காது. நிறமாலை மட்டுமே இரண்டையும் வேறுவேறு கோடுகளாகப் பிரித்துக் காட்டும்.

இவ்விடத்தில் ஆய்வுலகமும் தன்னைக் கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன இந்திய அறிவியல் கழகமும், சி.வி. ராமன் 1948-இல் நிறுவிய ராமன் ஆய்வுக் கழகமும். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனுடன் ராமன் கண்ட விளைவு மிக மெல்லியது. சிதறும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு துகளே தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. 1970-களில், கரடுமுரடான வெள்ளிப் பரப்பின் மேல் அந்த மெல்லிய குறிகை பல லட்சம் மடங்கு பெருகுவது தெரியவந்தது. 1997-இல் ஒற்றை மூலக்கூறின் நிறமாலையையே பதிவு செய்ததாக இரு குழுக்கள் அறிவித்தன. அன்று தொடங்கிய ஆர்வத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் வெள்ளி, தங்க நுண்துகள்களைக் கொண்டு பூச்சிக்கொல்லியையும் சாயத்தையும் மிகக் குறைந்த செறிவில் கண்டறியும் முறைகள் ஆய்வேடுகளாகக் குவிகின்றன.

அவற்றில் பலவற்றின் வடிவம் ஒன்றே. ரோடமைன் 6ஜி என்னும் சாயத்தைத் தூய நீரில் கரைத்து, செறிவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியாக ஏதோ ஒரு முகடு தென்படும் செறிவைக் 'கண்டறியும் எல்லை' என அறிவிப்பது. ரோடமைன் எளிதில் ஒட்டும், நன்றாக ஒளிரும் மூலக்கூறு. பெங்களூரின் ஏரிகளோ சலவைத்தூளும், மட்கிய தாவரப் பொருளும், பாசியும், கழிவுநீரும் நிறைந்தவை. அந்தக் குழம்பில் வெள்ளித் துகளின் பரப்பை வேறு மூலக்கூறுகள் முந்திக்கொண்டு நிரப்பிவிடும். தேடிய பூச்சிக்கொல்லி வெளியே நிற்கும். தூய நீரில் பெற்ற எல்லை அங்கே பல மடங்கு உயர்ந்துவிடக்கூடும். மாதிரி எடுத்தவுடன் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டினால் வண்டலோடு ஒட்டிய ஈயம் வடிதாளில் தங்கிவிடும். இவை எவையும் கருவியின் குறைகள் அல்ல. ஆனால் இவை எவையும் இடம்பெறாத ஆய்வேட்டில் உள்ள 'எல்லை' எந்த ஏரிக்கும் உரியதல்ல. மேலும் ஒரு பூச்சியத்தைச் சேர்த்துக் கூர்மை காட்டும் ஆய்வேட்டைவிட, அல்சூர் ஏரியின் நீரில் அதே முறை எங்கே தோற்கிறது என்று சொல்லும் ஆய்வேடு மதிப்புமிக்கது. ஆனால் முன்னதற்கே இதழ்களில் எளிதாக இடம் கிடைக்கிறது.

இது புதிய ஞானமும் அன்று. தமிழில் 'அளவை' என்ற சொல் அளக்கும் கருவியையும் குறிக்கும். உண்மையை அறியும் வழியாகிய பிரமாணத்தையும் குறிக்கும். மணிமேகலையின் இருபத்தேழாம் காதை பல அளவைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் அபாவமும் ஒன்று. இன்மையை அறிவது எப்படி என்பதை மீமாம்சையும் வேதாந்தமும் நுட்பமாக விவாதித்தன. காணாமையைக் கொண்டு இன்மையைத் துணிய வேண்டுமானால், அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை முதலில் இருக்க வேண்டும் என்பது அவ்விவாதத்தின் சாரம். வெளிச்சமுள்ள அறையில் குடத்தைக் காணாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் காணாவிட்டால் அப்படிச் சொல்ல இயலாது. கண்டறியும் எல்லை என்பது அந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்ற தகவல். அதை அச்சிடாமல் 'காணோம்' என்று மட்டும் அச்சிடுவது, இருட்டறையில் தேடியதை மறைப்பதற்கு ஒப்பாகும்.

எதிர்வாதங்கள் உண்டு. எண்களைக் கொடுத்தால் மக்கள் குழம்புவார்கள் என்பது முதலாவது. இரத்தச் சர்க்கரை அறிக்கையை வாங்கி, உணவுக்கு முன் எவ்வளவு, உணவுக்குப் பின் எவ்வளவு, இயல்பு எவ்வளவு என்று படித்துப் பேசாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. எண்ணும் அதன் பக்கத்தில் வரம்பும் இருந்தால் போதும், மக்கள் படித்துவிடுவார்கள். கண்டறிந்தவை அனைத்தையும் சொன்னால் பீதி பரவும் என்பது இரண்டாவது. இது கவனிக்கத்தக்க வாதம். போதிய கூர்மையுள்ள நிறை நிறமாலைமானி ஏறக்குறைய எந்த நீரிலும் ஏதேனும் ஓர் உலோகத்தைக் காணும். 'நஞ்சு கண்டுபிடிப்பு' என்னும் தலைப்புச் செய்தி, 'நஞ்சு இல்லை' என்னும் குழுச் செய்தியைப் போலவே பிழையானது. காணுதல் ஒன்று, அளத்தல் ஒன்று, தீங்கு செய்தல் ஒன்று. பீதிக்கு மருந்து எண்ணை மறைப்பதில் இல்லை. வரம்பையும் சேர்த்துச் சொல்வதில்தான் இருக்கிறது. கூர்மையான கருவிகள் விலை மிகுந்தவை என்பது மூன்றாவது. உண்மைதான். ஆனால் உள்ள கருவியின் எல்லையை அச்சிட ஒரு வரி மை போதும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத் தன் முறையின் எல்லை தெரிந்தே இருக்கும். நல்ல ஆய்வகங்கள் இன்றே அதை அச்சிடவும் செய்கின்றன.

ஆகவே கேட்க வேண்டியவை சில. முதலாவது, எந்தச் சோதனை அறிக்கையிலும் 'பி.டி.எல்.' தனியாக நிற்கக் கூடாது. "சுடர் முறை, கண்டறியும் எல்லை லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம், சட்ட வரம்பு இத்தனை" என்று மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். எல்லை வரம்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தச் சோதனை அந்தக் கேள்விக்குத் தகுதியற்றது என்று அறிக்கையே சொல்ல வேண்டும். இரண்டாவது, இந்த வரி தமிழிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் 'இல்லை' என்ற சொல்லைத் தவிர்த்து, 'இந்த எல்லைவரை தேடியதில் காணப்படவில்லை' என்று எழுத வேண்டும். மூன்றாவது, மாசு கண்டறிதல் குறித்த முனைவர் பட்ட ஆய்வேடுகள் தூய நீரில் பெற்ற எல்லையோடு, பெயர் சொல்லக்கூடிய ஓர் உண்மையான ஏரி, கிணறு, மண் ஆகியவற்றில் பெற்ற எல்லையையும் கட்டாயம் தர வேண்டும் என்று வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் கேட்க வேண்டும். நான்காவது, மொழித்துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அறிவியல் கலைச்சொல்லாக்கம் பெயர்ச்சொற்களை உருவாக்குவதோடு நின்றுவிடுகிறது. நிறமாலைமானிக்குத் தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது. அது காணாததைச் சொல்ல ஒரு வினைமுற்று இன்னும் முடிவாகவில்லை.

வேண்டிய சொல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. சாவியைத் தொலைத்தவர் நாவில் அது நாள்தோறும் இருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் அறிக்கையைப் படித்துக் குழுவுக்குச் சொல்லப்போகிறவர், 'ஈயம் இல்லை' என்று எழுதுவதற்கு முன் ஆய்வகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, எவ்வளவு வரை தேடினீர்கள் என்று கேட்டால் போதும். விடை கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதலாம். கிடைக்காவிட்டால், அந்த அறிக்கைக்குக் கொடுத்த பணத்துக்குச் சோதனை நடக்கவில்லை என்று பொருள்.